கேட்காதவளுக்குப் போட்ட விலை

நாங் வெங் ஒரு ஆளைப் பார்த்து விலை சொல்கிற அழகே தனி. சம்பள ரசீதில் ரோவெனா நோப்ளேசாதா என்றிருக்கும். அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் நாங் வெங், அதாவது வெங் அக்கா. என்னை அவர் கூப்பிடுவது இந்தாய், அதாவது தங்கச்சி. போனில் எதிராளி "ஹலோ" சொன்ன தினுசிலேயே அவர் எவ்வளவு கொடுப்பார் என்று கண்டுபிடித்துவிடுவார். நான் பக்கத்து மேசை. வாடிக்கையாளர்கள் கத்துவதற்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை. ஏழு வருஷமாக அந்தக் கூத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி இலோயிலோ நகரத்தில், மந்துர்ரியாவ் பக்கம், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது. இணையதளம் கட்டிக்கொடுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு ஒரு மென்பொருள் விற்கிறோம். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கூட்டுறவுச் சங்கமோ தளம் கேட்டால் அவர்கள் கட்டிக்கொடுப்பார்கள். அதற்குள்ளே பெயர் பதிவது, தேதி ஒதுக்குவது, பணம் கட்டுவது எல்லாம் எங்கள் சரக்கு. ஒரு தளத்துக்கு மாதம் இவ்வளவு என்று கட்ட வேண்டும். எவ்வளவு? அதுதான் ஊருக்கே தெரியாத ரகசியம். சந்தையில் மீனைத் தவிர வேறெதற்கும் எங்கள் ஆட்கள் விலையை வெளியில் சொல்ல மாட்டார்கள். முகநூலில் ஒரு பழைய மின்விசிறியை விற்பவன்கூட, விலை என்ன என்று கேட்டால், "தனியா மெசேஜ் போட்டிருக்கேன் பாருங்க" என்பான். நாங்களும் அப்படித்தான். ஆளுக்கொரு விலை, தனித்தனி மெசேஜில்.

அதில் நாங் வெங் வைத்திருந்த கணக்கு இது. எடுத்த எடுப்பில் "எவ்வளவு?" என்று கேட்பவருக்கு நடுத்தர விலை. "கடைசி விலை சொல்லுங்க" என்று அடித்துப் பேசுபவருக்குக் குறைந்த விலை. கூச்சப்பட்டுக்கொண்டு "நீங்களே பார்த்துப் போடுங்க" என்பவருக்கு உச்ச விலை. எங்கள் ஊரில் இந்தக் கடைசி ரகம்தான் அதிகம். விலை பேசினால் எதிராளியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்! மரியாதைப்பட்ட ஜனங்கள் எல்லாம் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டே ஏமாறுவார்கள். நானும் அந்த ரகம்தான் என்பதால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

போன ஜனவரியில் திருவிழா வாரத்தில் கூத்து முடிவுக்கு வந்தது. பாச்சோய் கடையில் இரண்டு நிறுவனக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே எங்கள் பில்லை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கட்டுவதில் பாதிதான் மற்றவர் கட்டுகிறார். அந்த மாதமே பதின்மூன்று பேர் விலகினார்கள். எங்கள் முதலாளி சர் ரமில் மூன்று நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் செபுவிலிருந்து புதிதாகப் பணம் போட்ட பங்காளிகளோடு பேசிவிட்டு வந்து அறிவித்தார்: இனிமேல் எல்லோருக்கும் ஒரே விலை. ஒரு தளத்துக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு பேசோ. தளத்தின் முகப்பிலேயே பெரிதாகப் போடுவோம். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா நிறுவனங்களுக்கும் மெயில் போகும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த முகப்புப் பக்கத்தின் இறுதி வடிவத்தை எங்களுக்குக் காட்டினார்கள். விலைக்குக் கீழே சர் ரமில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "எங்கள் அடிப்படை விலை 2019 முதல் ஒரு பேசோகூட ஏறவில்லை." நாங் வெங் அதைப் படித்தார். கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைக்கத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு நாங்?" என்றேன்.

"நெல்ஃபா" என்றார்.

நெல்ஃபா கும்பான் அவருடைய மாரே. நாங் வெங்கின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மாரே என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அது உடன்பிறப்புக்கு ஒரு படி மேல். ஹாரோ பகுதியில் இரண்டு மேசை போட்டு நெல்ஃபா ஒரு நிறுவனம் நடத்துகிறார். ஆறு வருஷத்துக்கு முன் எங்களிடம் வந்தபோது விலையே கேட்கவில்லை. "நீயே பார்த்துப் போடு மாரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"நாலாயிரத்து இருநூறு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்க மாரேவுக்கா? நாங், எங்கேயும் யாருக்கும் நாம அவ்வளவு போட்டதில்லையே!"

"டிசம்பர் மாசம்டி இந்தாய். இலக்குக்குக் கொஞ்சம் குறைஞ்சது. ஜனவரில குறைச்சுடலாம்னு நெனச்சேன். ஜனவரில அவ ஒரு வார்த்தை பேசாம கட்டிட்டா. பிப்ரவரிலயும் கட்டிட்டா. அப்புறம் குறைக்கணும்னா ஏன் குறைக்கிறேன்னு சொல்லணுமே? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

ஆறு வருஷம்! வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண்குழந்தைக்குப் பரிசோடு வந்து நிற்பார் நெல்ஃபா. எப்படித்தான் இவருக்குச் சோறு இறங்கியதோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. நெல்ஃபாதான்.

மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினார், அதனால் எனக்கும் கேட்டது.

"மாரே, மறந்துடாதே. இன்னிக்கு ரெண்டு மணிக்கு பவியா ஊர்ல சங்கத்து மீட்டிங். ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிறாங்க. இது போச்சுன்னா என் கடைக்குப் பூட்டுதான், ரெண்டு பிள்ளைங்க சம்பளமும் இதுல இருந்துதான் வருது. நீயும் வாயேன். மென்பொருளப் பத்தி ஏதாவது கேட்டா நீ பேசினா நம்புவாங்க."

"வரேன் மாரே" என்றார் நாங் வெங். போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

அந்தச் சங்கம் நெல் விவசாயிகளுடையது. நெல்ஃபா அவர்களுக்குத் தன் கூலியைத் தனியாகவும் எங்கள் மென்பொருளின் விலையைத் தனியாகவும் பில்லில் எழுதுவார். எங்கள் ரசீதை அப்படியே பின்னால் சேர்த்து, "இதுல நான் ஒரு சென்டாவோகூட வைக்கல" என்று சொல்லிக் கொடுப்பார். அந்த ஒரு குணத்துக்காகத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள். சங்கத்தின் பொருளாளர் நோங் ஓஸ்திங். வயதில் மூத்த ஆண் என்றால் எங்களுக்கு நோங். அவருடைய அண்ணன் மகனும் இணையதளம் கட்டும் தொழில்தான். அந்த ஒப்பந்தத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவனும் எங்கள் வாடிக்கையாளன். பன்னிரண்டு மணிக்கு அவனுக்கும் மெயில் போகும். இரண்டு மணிக்குள் சித்தப்பன் கைக்குப் போய்ச் சேராமலா இருக்கும்? ஆயிரத்து ஐந்நூறு விலையுள்ள பொருளுக்கு மாரே நாங் வெங் கையெழுத்துப் போட்ட ரசீதில் நாலாயிரத்து இருநூறு. நெல்ஃபாவைத் திருடி என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

நாங் வெங் நேராக சர் ரமிலின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"சர், ஒரே ஒரு நாள். நாளைக்குப் போடலாம் சர்."

"வெங், செபுக்காரங்க பன்னெண்டு மணிக்குத் திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நிமிஷம்கூட முடியாது."

"அந்த 2019 வரியையாவது எடுத்துடுங்க சர். அது இல்லன்னா இப்பத்தான் விலை குறைஞ்சதுன்னு நெனச்சுக்குவாங்க."

"ஏன்? பொய்யா அது? மேல போட்டதெல்லாம் நீங்க போட்டதுதானே?"

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே போய் அந்த மனிதரை நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. அடிப்படைக்கு மேலே வாங்கச் சொல்லிக் கொம்பு சீவிவிட்டது யாராம்? நாங் வெங் வெளியே வந்து, "வண்டிய எடு" என்றார்.

என் ஸ்கூட்டரில் கிளம்பும்போதே பதினொன்றே முக்கால். வழியில் நெல்ஃபாவுக்கு நான்கு தடவை போன் போட்டார். அணைத்துவைத்திருந்தது. உங்கா சந்திப்பில் வழக்கம்போல் நெரிசல், போதாக்குறைக்குத் தூறல். ஜீப்னி மினிபஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபோது பன்னிரண்டு ஆனது. என் பையில் போன் கிர்ரென்று அதிர்ந்தது. மெயில் வந்துவிட்டது. நாங் வெங்கிடமும் அதிர்ந்திருக்கும். இருவருமே எடுத்துப் பார்க்கவில்லை.

"மீட்டிங்குக்கு முன்னாடியே சொல்லிடுங்க நாங். நெல்ஃபாவுக்கு முதல்ல உங்க வாயாலதான் தெரியணும்" என்றேன்.

"தெரியும். வாய மூடிக்கிட்டு ஓட்டு."

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சங்கத்தின் அலுவலகம் நெல் கிடங்குக்கு மேலே. கீழே மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நெல்ஃபா மாடி வராந்தாவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாங் வெங்கின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "சாப்பிட்டீங்களா? இபோஸ் வாங்கிட்டு வந்திருக்கேன், ரெண்டு பேரும் தின்னுங்க முதல்ல" என்று ஓலையில் சுற்றிய சோற்றுக் கட்டிகளைக் கையில் திணித்தார்.

"மாரே, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் நாங் வெங்.

"அப்புறம் சொல்லு. முதல்ல இதப் பாரு, நான் பேசப்போறத ஒரு தடவை சொல்லிக்காட்டறேன்."

சொல்லிக்காட்டினார். நாங் வெங் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நான் முழங்கையால் அவர் விலாவில் இடித்தேன். "மாரே..." என்று மறுபடி ஆரம்பித்தார். நெல்ஃபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்ததே போதும்" என்றார். அவ்வளவுதான், இவர் வாய் அடைத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே சொல்லிவிடலாமா என்று இருந்தது. நான் சொல்வதற்கு இல்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஓலையைப் பிரிப்பதுமாக நாற்பது நிமிஷம் போய்விட்டது. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். நடுவில் தலைவி மேடம் பூரித்தா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரத்தில் நோங் ஓஸ்திங். போனை மேசைமேல் கவிழ்த்துவைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே மெயில் அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நெல்ஃபா நன்றாகவே பேசினார். கடைசியில், "எப்பவும்போல மென்பொருளுக்கு நான் கட்டுறதத்தான் உங்ககிட்ட வாங்குவேன். ரசீது இணைச்சிருக்கேன்" என்று முடித்தார்.

நோங் ஓஸ்திங் போனைத் திருப்பினார். "அந்த ரசீதுல எவ்வளவு இருக்கு இந்தாய்?"

"நாலாயிரத்து இருநூறு, நோங்."

"இதுல எவ்வளவு போட்டிருக்கான் பாரு."

போன் கைமாறிக் கைமாறி நெல்ஃபாவிடம் வந்தது. அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஏதோ அச்சுப் பிழையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுல ஏதோ தப்பு இருக்கு, நோங். நல்லவேளை என் மாரே இங்கேயே இருக்கா. அவதான் அங்க விலை பாக்குறவ. மாரே, நீயே சொல்லு."

"மாரேவா?" என்று நோங் ஓஸ்திங் நாற்காலியில் சாய்ந்தார். "ரசீதுல கையெழுத்தும் இவங்கதுதான். பொருள் ஆயிரத்து ஐந்நூறு. ரெண்டு மாரேயும் சேர்ந்து ஆறு வருஷமா எங்க தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க. ஆளுக்கு எவ்வளவு? சரிபாதியா?"

நெல்ஃபாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஆனால் கண்ணை மட்டும் நாங் வெங்கிடமிருந்து எடுக்கவில்லை.

நாங் வெங் எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு எதுவும் இல்ல. விலை ஆயிரத்து ஐந்நூறுதான். எப்பவும் அதுதான். நாலாயிரத்து இருநூறு போட்டது நான். நெல்ஃபாவுக்குத் தெரியாது. இதுல அவ ஒரு சென்டாவோ தொடல."

"சொல்றது யாரு? மாரேதானே?" என்றார் நோங் ஓஸ்திங். "அவங்களக் காப்பாத்த நீங்க எத வேணாலும் சொல்வீங்க. அத்தாட்சி இருக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். நாங் வெங் தன் போனை எடுத்தார். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாகப் போட்டார். பிறகு எதையோ திறந்து மேடம் பூரித்தாவின் முன்னால் வைத்தார்.

"இது என் சம்பள ரசீது மேடம். அடிப்படை விலைக்கு மேல நான் எவ்வளவு வாங்கினாலும் அதுல நூத்துக்கு முப்பது எனக்கு. மிச்சம் கம்பெனிக்கு. யார்கிட்ட இருந்து எவ்வளவுன்னு பேர் போட்டு வரும். நெல்ஃபா பேருக்கு நேரா பாருங்க. மாசம் எண்ணூத்திப் பத்து. ஆறு வருஷமும் இருக்கு, கீழ தள்ளிப் பாருங்க."

ஏழு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தப் பங்கு விஷயம் தெரியாது.

மேடம் பூரித்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இங்க நிறையப் பேர் இருக்காங்களே. இவங்க பேருக்குத்தான் எல்லாத்தவிட அதிகம். ஏன்?" என்றார்.

"அடிச்சுப் பேசினவங்களுக்குக் குறைச்சேன். கேட்டவங்களுக்கு நியாயமாப் போட்டேன். இவ கேக்கவே இல்ல மேடம்."

நோங் ஓஸ்திங்கும் அந்த போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் மூவரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் நெல்ஃபா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். இருபது நிமிஷம் கழித்து மேடம் பூரித்தாவே வெளியே வந்தார். ஒப்பந்தம் நெல்ஃபாவுக்கே. மென்பொருளுக்கு இனி ஆயிரத்து ஐந்நூறு. ஆறு வருஷமாகக் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கேட்டு எங்கள் கம்பெனிக்குச் சங்கம் கடிதம் எழுதும். நாங் வெங்கைப் பார்த்து, "நீங்க வேலையில இருப்பீங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த போனை நீங்க காட்டியிருக்கலேன்னா இவங்கள நான் அனுப்பியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கடை பிழைத்தது, இரண்டு பிள்ளைகளின் சம்பளம் பிழைத்தது.

படியில் இறங்கும்போது நாங் வெங் பின்னாலேயே ஓடினார். "மாரே, என் பங்கு பூராவும் குடுத்துடறேன். கடன் வாங்கியாவது குடுத்துடறேன்."

"குடு" என்றார் நெல்ஃபா. "சங்கத்துக்குக் குடு. அந்தப் பணம் அவங்களோடது."

கடைசிப் படியில் நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நான் எவ்வளவுன்னு கேட்டிருந்தேன்னா, எவ்வளவு சொல்லியிருப்பே?"

நாங் வெங் அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றுகூட நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார். "உனக்கு வேற என்ன சொல்லியிருக்கப் போறேன்?"

"அப்ப மிச்ச ரெண்டாயிரத்து எழுநூறும் உன்னை நம்பினதுக்கு" என்றார் நெல்ஃபா. "பாவம், அத நெல்லு விக்கிறவங்க கட்டியிருக்காங்க."

சாலையில் போன மூன்று சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். ஸ்கூட்டரில் நாங் வெங் என் முதுகில் தலையைச் சாய்த்து மந்துர்ரியாவ் வரை அழுதுகொண்டே வந்தார்.